கணித மேதை இராமானுஜனும் விட்டுப்போன ஓர் எண்ணும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



கணித மேதை சீனிவாச இராமானுஜன் என்றவுடன் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 1729 என்ற எண்தான். லண்டன் பட்னியில் நோயாளியாகப் படுத்திருந்தவரைப் பார்க்கப் பேராசிரியர் ஹார்டி ஒரு வாடகைக் காரில் வந்தார். கார் நம்பர் 1729, அதில் விசேஷம் ஒன்றும் இல்லை என்று அவர் அலுத்துக்கொண்டாராம். உடனே இராமானுஜன் படுத்தபடியே, இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களிலேயே மிகச் சிறியது அதுதான் என்று சொல்லிவிட்டார். 10-ன் கனத்தோடு 9-ன் கனத்தைக் கூட்டுங்கள். பிறகு 12-ன் கனத்தோடு 1-ஐக் கூட்டுங்கள். இரண்டும் 1729தான். இந்தக் கதை வராத மலர் கிடையாது. ஆகவே அதை இதோடு விட்டுவிடுகிறேன்.

நான் எழுத வந்தது வேறு ஒரு எண்ணைப் பற்றி. அதற்கு 13 இலக்கம்.

6746328388800

நம் கணக்கில் படித்தால் 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. இது இராமானுஜன் 1915-ல் அச்சிட்ட ஓர் அட்டவணையின் கடைசி எண். கூடவே அந்த அட்டவணையில் அவர் எழுதாமல் விட்டுவிட்ட இன்னொரு எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். உண்மையில் அதற்காகத்தான் பேனாவையே எடுத்தேன்.

அதற்கு முன்னால் ஒரு சொந்த விஷயம். எனக்குக் கணிதத்தில் ஒரு அரியர் இருக்கிறது. இதை மலரில் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. எங்க அப்பா செங்கல் சூளையில் கல் அறுக்கிறவர். அம்மாவும் அங்கேதான். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பு தாண்டியது நான் ஒருவன்தான். ரிசல்ட் வந்த அன்றைக்கு அப்பா கேட்டபோது எல்லாம் நல்லபடியா இருக்குப்பா என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய் ஒரு வருஷம் என் கூடவே ஹாஸ்டலில் இருந்தது.

ஹாஸ்டலில் அரியர் வைத்திருக்கும் நண்பர்களுக்கெல்லாம் இராமானுஜன்தான் குலதெய்வம். அவரே ஃபெயில், நாம எம்மாத்திரம் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு நூலகத்தில் அவருடைய வரலாற்றை எடுத்து ஒழுங்காகப் படித்தபோதுதான், நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது பாதி உண்மை என்று புரிந்தது.

இராமானுஜன் அவர்கள் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில், தாய் கோமளத்தம்மாளின் பிறந்த வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம், சாரங்கபாணி சன்னதித் தெரு. தந்தை சீனிவாச ஐயங்கார் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுபவர். கஷ்டமான குடும்பம்தான். ஒரு வித்தியாசத்தை மட்டும் நான் சொல்லியாக வேண்டும். அவர் வீட்டில் வறுமை இருந்தது, ஆனால் எழுத்து இருந்தது. அப்பா பேரேடு எழுதுபவர். எங்கள் வீட்டில் பேங்க் பாரத்தைக்கூட நான்தான் நிரப்ப வேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஏழை என்ற ஒரே வார்த்தையில் எல்லோரையும் அடைத்துவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

1897-ல் தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். அடுத்த ஆண்டு டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தார். 1903-ஆம் ஆண்டு வாக்கில் கார் என்பவர் தொகுத்த ஒரு கணிதப் புத்தகம் அவர் கைக்குக் கிடைத்தது. சுமார் 5000 சூத்திரங்கள் அடங்கியது. பெரும்பாலும் விடைதான் இருக்கும், வழிமுறை ஒழுங்காக இருக்காது. நமக்கெல்லாம் கைடு இல்லாவிட்டால் கை ஒடிந்தது போல. அவரோ ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்தார். பேப்பர் வாங்கக் காசில்லை. திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் போடுவார், முழங்கையால் அழிப்பார், மறுபடி போடுவார். முடிவு மட்டும் நோட்டில் ஏறும். வழி எல்லாம் முழங்கையோடு போய்விட்டது!

1904-ல் பரிசும் உதவித்தொகையும் வாங்கிக்கொண்டு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். அதன் பிறகுதான் சரிவு. கணிதத்தைத் தவிர வேறு எதிலும் மனம் போகவில்லை. மற்ற பாடங்களில் தேறவில்லை, உதவித்தொகை போயிற்று. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி முயன்றார். எஃப்.ஏ. தேர்வில் மறுபடி தோல்வி. 1907-ல் தனியாக எழுதினார். அப்போதும் தேறவில்லை.

விசாகப்பட்டினம் வரைக்கும் ஓடினார் என்று படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். ரிசல்ட் வந்த ராத்திரி நானும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கிறேன். திருப்பூர் பஸ் நின்றது. ஏறவில்லை, அவ்வளவுதான்.

இப்போது பாதி உண்மை என்று ஏன் சொன்னேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவர் தோற்றது கணிதத்தில் அல்ல. கணிதம் அவரை விழுங்கியதால் மற்றவற்றில் தோற்றார். நான் தோற்றது கணிதத்தில், விழுங்கியது வேறு (ரிலீஸ் படங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்). எனவே அவரைத் துணைக்கு அழைக்கும் உரிமை எங்கள் அறைக்குக் கிடையாது. இதைச் சொன்னதற்காக அறை நண்பர்கள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த சில வருஷங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1909-ல் திருமணம். மனைவி ஜானகிக்கு அப்போது பத்து வயது, அந்தக் கால வழக்கம் அப்படி. வேலை தேடி நோட்டுப் புத்தகங்களோடு ஊர் ஊராக அலைந்தார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய இராமசாமி ஐயரையும், நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவையும் பார்த்தார். ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது, மாதம் 30 ரூபாய். அங்கே தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் தாமே கணிதம் தெரிந்தவர். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருக்கு ஆதரவாக இருந்தார். 1913 ஜனவரி 16-ஆம் தேதி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் சூத்திரங்களை எழுதி ஒரு கடிதம் போட்டார். அந்தக் கடிதம் வாழ்க்கையைத் திருப்பியது. சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அந்தக் குமாஸ்தாவுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச் 17-ல் நெவாசா என்ற கப்பலில் ஏறினார். குடுமியை எடுத்துவிட்டு, கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு.

இனி நம் எண்ணுக்கு வருவோம்.

இது புரிவதற்குப் பெரிய கணிதம் வேண்டாம், செங்கல் போதும். அப்பா அறுத்த கல்லைக் களத்தில் வரிசை வரிசையாகக் காயவைப்பார். 24 கல் இருக்கிறது என்று வையுங்கள். ஒரே வரிசையாக வைக்கலாம். இரண்டு வரிசையில் பன்னிரண்டு, மூன்று வரிசையில் எட்டு, நான்கு வரிசையில் ஆறு என்றும் வைக்கலாம். எதிலும் ஒரு கல் மிஞ்சாது. 23 கல்லை இப்படி வைக்க முடியுமா? ஒரே நீள வரிசைதான், வேறு வழியே இல்லை. 25 என்றால் ஐந்தைந்தாக ஒரு வழி உண்டு, அதோடு சரி.

24-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள், அதாவது காரணிகள், 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என்று எட்டு. 24-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் எட்டுக் காரணிகள் கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களுக்கு இராமானுஜன் ஒரு பெயர் வைத்தார். நாம் தமிழில் மிகு பகு எண்கள் எனலாம். வரிசையாகப் போனால் 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று வரும்.

இந்த வரிசையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு டஜனுக்கு 12. நாளுக்கு 24 மணி. மணிக்கு 60 நிமிஷம். நம் முன்னோர் கணக்கில் நாளுக்கு 60 நாழிகை. வட்டத்துக்கு 360 டிகிரி. மனிதன் எதையெல்லாம் பங்கு போட வேண்டியிருந்ததோ அங்கெல்லாம் இந்த எண்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

நம் ஒர்க் ஷாப்பிலும் இது உண்டு. மில்லிங் மெஷினில் இண்டெக்ஸிங் ஹெட் இருக்கிறதல்லவா, அதில் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் ஜாப் ஒரு சுற்று சுற்றும். 60 பல் உள்ள கியர் வெட்ட ஒரு பல்லுக்கு 40-ல் 60 பங்கு, அதாவது மூன்றில் இரண்டு சுற்று. 15 துளை வட்டத்தில் பத்துத் துளை நகர்த்தினால் வேலை முடிந்தது. அதே இடத்தில் 61 பல் வெட்டச் சொல்லிப் பாருங்கள். 61 பகா எண், நம்மிடம் உள்ள எந்தப் பிளேட்டும் உதவாது. டிஃபரென்ஷியல் இண்டெக்ஸிங் என்று தனியாகக் கியர் மாட்டி மல்லுக்கட்ட வேண்டும். ஒரு பல்தான் கூடுதல், ஆனால் பாடு பத்து மடங்கு. பகா எண் என்றால் என்ன என்று பத்தாம் வகுப்பில் எழுதி மார்க் வாங்கினேன். புரிந்தது அந்த மெஷினுக்கு முன்னால்தான்.

இராமானுஜன் ஒவ்வொரு எண்ணாக எடுத்துக் காரணி எண்ணிக்கொண்டு உட்காரவில்லை. இந்த எண்கள் எந்த வடிவத்தில்தான் இருக்க முடியும் என்று முதலில் சட்டம் போட்டார். எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாகப் பிரிக்கலாம். அதில் 2-ன் அடுக்கு 3-ன் அடுக்கைவிடக் குறையக் கூடாது, 3-ன் அடுக்கு 5-ன் அடுக்கைவிடக் குறையக் கூடாது. இப்படியே போக வேண்டும். ஏன்? 18-ஐ எடுங்கள். அது ஒரு 2, இரண்டு 3. அடுக்கை மாற்றிப் போட்டால் இரண்டு 2, ஒரு 3, அதாவது 12. இரண்டுக்கும் காரணிகள் ஆறுதான். சின்ன எண்ணிலேயே ஆறு கிடைக்கும்போது 18 எதற்கு? அது பட்டியலில் சேராது. அதேபோல் கடைசியில் வரும் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1-தான். 4-ம் 36-ம் மட்டும் இதற்கு விதிவிலக்கு என்பதையும் அவர் நிரூபித்தார்.

ஆனாலும் சட்டம் போட்டால் மட்டும் பட்டியல் வந்துவிடாது. இந்தச் சட்டத்துக்கு அடங்கிய எண்கள் ஏராளம். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சின்னது எது, காரணி கூடுதல் எதற்கு என்று சலிக்க வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத காலம். அப்படிச் சலித்து எடுத்த 102 எண்களின் அட்டவணைதான் அது. முடிவது நம் 6746328388800-ல்.

எங்கள் கணித ஆசிரியர் இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதி, முடிந்தால் உடைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் கால்குலேட்டரில் பத்து இலக்கம்தான். அது 6.746328389 என்று போட்டு ஓரத்தில் 12 என்று அடுக்கைக் காட்டியது. வேறு வழியில்லாமல் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் கையால் வகுத்தேன். ஆறு தடவை 2-ஆல் வகுபட்டு ஒற்றைப்படைக்கு வந்தது. பிறகு நான்கு தடவை 3, இரண்டு தடவை 5, இரண்டு தடவை 7. மிச்சம் 1062347. அதை 11-ஆல், 13-ஆல், 17-ஆல் வகுத்துக் கடைசியில் 437 நின்றது. ஆகா, பகா எண் என்று பேனாவை மூடி வைத்துவிட்டேன். மறுநாள் சார் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, 19-ஆல் வகுத்துப் பார் என்று மட்டும் சொன்னார். 437 என்பது 19 பெருக்கல் 23!

ஆக, ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. படிக்கட்டு மாதிரி இறங்குகிறது பாருங்கள், ஏறுவதே இல்லை. காரணிகள் எத்தனை என்று பார்க்க ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும். 7, 5, 3, 3, பிறகு ஐந்து 2. பெருக்கினால் 10080. அதாவது இத்தனை செங்கல் இருந்தால், மீதியில்லாமல் அடுக்க வரிசை எண்ணிக்கையாக 10080 எண்களில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். இன்னொரு வேடிக்கை, அந்த 10080-ம் ஒரு மிகு பகு எண்தான். இந்தப் பெரிய எண் 1 முதல் 28 வரை எல்லா எண்களாலும் மீதியில்லாமல் வகுபடும். 29-ல்தான் முதல் தடவையாக இடறும்.

இந்தக் கட்டுரையை அவர் எழுதியது எந்த நிலைமையில் என்பதையும் சொல்ல வேண்டும். போன சில மாதங்களிலேயே முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது. சைவச் சாப்பாடு கிடைக்கவில்லை, டிரினிட்டி கல்லூரி அறையில் தானே சமைத்துக்கொண்டார். அந்த ஊர்க் குளிர் நமக்குத் தெரியாது. படுக்கையில் கம்பளிகளை விரித்து ஓரமெல்லாம் உள்ளே செருகி வைத்திருப்பார்கள், நடுவில் புகுந்து படுக்க வேண்டும். அது தெரியாமல் கம்பளிக்கு மேலேயே ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு நடுங்கியபடி படுத்திருந்தார். பின்னாளில் பெரிய புள்ளியியல் அறிஞரான மகலனோபிஸ்தான் அப்போது மாணவராக அங்கே இருந்து இதைச் சொல்லிக்கொடுத்தவர். உலகமே வியந்த மூளை, கம்பளிக்குள் நுழையத் தெரியாமல் நடுங்கியிருக்கிறது. முதல் வாரம் நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டை எங்கே வைப்பது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் சாப்பிடாமலே அறைக்குத் திரும்பியவன் நான். எனக்கு இந்த இடம் சிரிப்பு வரவில்லை.

1915-ல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் கட்டுரை வந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட பக்கங்கள். அவர் எழுதியவற்றிலேயே மிக நீளமான கட்டுரைகளில் ஒன்று. இருந்தும் முழுசாக வரவில்லை. கழகத்துக்கு அப்போது பண நெருக்கடி. செலவைக் குறைக்கக் கட்டுரையின் பின்பகுதியை நிறுத்திவிட்டார்கள். கும்பகோணத்தில் பேப்பர் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் எழுதியவருக்கு லண்டன் போயும் பேப்பர் பஞ்சம்! அந்த மீதிப் பகுதி நிக்கோலா, ரோபன் என்ற இரு பிரெஞ்சுக் கணித அறிஞர்களின் முயற்சியால் 1997-ல்தான் அச்சேறியது. எழுதி எண்பது வருஷத்துக்குப் பிறகு.

1916 மார்ச்சில் இந்த ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது. நண்பர்களே, இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கும்பகோணத்திலும் சென்னையிலும் எஃப்.ஏ. தேறாதவர் அவர். உடலியல் பரீட்சையில் வாங்காத மார்க்கை இந்த எண்கள் வாங்கிக் கொடுத்தன.

இனிதான் விட்டுப்போன எண். இது ஹாஸ்டலில் யாருக்கும் தெரியாது, எனக்கும் சார் சொல்லித்தான் தெரியும்.

அந்த 102 எண்கள் கொண்ட அட்டவணையில் ஒரு எண் இல்லை. 293318625600 என்பது அது. 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. அதுவும் ஒரு மிகு பகு எண்தான், பட்டியலின் எல்லைக்குள் வர வேண்டியதுதான். 102 இல்லை, 103 இருந்திருக்க வேண்டும்.

இதையும் கையால் உடைத்தேன். பாதியிலேயே எனக்குக் கை நின்றுவிட்டது. ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19. பழைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதே படிக்கட்டு, கடைசிப் படி மட்டும் இல்லை! விட்டுப்போன எண்ணை 23-ஆல் பெருக்கினால் அவருடைய அட்டவணையின் கடைசி எண் வந்துவிடுகிறது. பட்டியலை எந்த எண்ணோடு முடித்தாரோ அதன் வயிற்றுக்குள்ளேயே விட்டுப்போன எண் இருந்திருக்கிறது. அதன் காரணிகள் 5040, சரியாகப் பாதி. அந்த 5040-ம் ஒரு மிகு பகு எண்.

இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. (பெருக்கிப் பார்த்தால் யாருக்கும் வரக்கூடியதுதான், கண்டுபிடிப்பு என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை.) முதலில் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இராமானுஜனா விட்டார் என்று. பிறகு 437 ஞாபகம் வந்தது. நான் விட்டது ஒரு மூன்று இலக்க எண்ணில். அவர் விட்டது பன்னிரண்டு இலக்கத்தில், அதுவும் மற்ற 102-ஐயும் சரியாகப் பிடித்த பிறகு. அவருடைய சட்டங்கள் எதுவும் அதனால் தப்பாகிவிடவில்லை. தேற்றங்கள் அப்படியே நிற்கின்றன, பட்டியலில் ஒரு வரிதான் காலி. கணிதத்தில் தேற்றம் வேறு, கணக்கு வேறு என்பதை எந்த வகுப்பைவிடவும் இந்த ஒரு காலி வரி எனக்குப் பளிச்சென்று காட்டியது. சமனிலிகளில் அவர் கைவண்ணம் எப்படிப்பட்டது என்பதற்கு ஹார்டியே இந்தக் கட்டுரையைப் பாராட்டியிருக்கிறார்.

மீதிக் கதை சோகமானது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1917-ல் நோய் கண்டது. மருத்துவமனை மருத்துவமனையாக மாறினார். அந்தக் காலத்தில்தான் வாடகைக் கார் சம்பவம். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார், அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோவும் ஆனார். பெருமைகள் எல்லாம் படுக்கையைத் தேடி வந்தன. 1919-ல் ஊர் திரும்பினார். கடைசி வருஷத்திலும் கணக்குப் போடுவதை நிறுத்தவில்லை. 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. அன்று காசநோய் என்று வைத்தியம் பார்த்தார்கள். கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம், அன்றைய மருத்துவத்திலேயே குணப்படுத்தியிருக்கலாம் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் எழுதுகிறார்கள். ஜானகி அம்மாள் தையல் வேலை செய்து பிழைத்தார், 1994 வரை வாழ்ந்தார். அவர் பிறந்த நாளை நம் நாடு 2012 முதல் தேசியக் கணித தினமாகக் கொண்டாடுகிறது. அந்த அம்மாள் அதைப் பார்க்கவில்லை.

போன பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் களத்தில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தபோது 24 கல்லை எடுத்து வைத்து, இந்த வரிசைக் கணக்கைக் காட்டினேன். அப்பா படித்தவர் இல்லை, ஆனால் 23 கல்லை வைக்க முடியாது என்று நான் சொல்வதற்குள் அவரே சொல்லிவிட்டார். சூளைக்காரர் கணக்குப் பார்க்க வரும்போது ஒரு கல் குறைந்தால் வரிசையே காட்டிக்கொடுத்துவிடும் என்றார். பிறகு கும்பகோணத்துப் பையன் கதையைச் சொன்னேன். விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனதைச் சொல்லும்போது அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அரியர் விஷயத்தைச் சொன்னேன். எந்த வருஷத்தில், எத்தனை மார்க், ஏன் மறைத்தேன் என்று எல்லாவற்றையும்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. கையில் இருந்த கல்லை வரிசையில் வைத்துவிட்டு, மறுபடி எழுதப் பணம் எவ்வளவு கட்டணும், கடைசித் தேதி என்னைக்கு என்று கேட்டார்.

கட்டியாகிவிட்டது. ஏப்ரலில் எழுதுகிறேன்.